கான்கிரீட் போட்ட கட்டடத்தைப் பசுமைக் கட்டடம் என்று சொல்லலாமா?

கேள்வி இதுதான்: கூரையில் சூரியத் தகடு, மழைநீர்த் தொட்டி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் வைத்துப் பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். எலும்புக்கூடு முழுக்க கான்கிரீட். இது முரண்பாடு இல்லையா? சிமென்டை மாற்றிப் பசுமை கான்கிரீட் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

முரண்பாடு இருக்கிறது. ஆனால் அது கான்கிரீட் என்ற பொருளில் இருப்பதைவிட, அதை எவ்வளவு கொட்டுகிறோம் என்பதில் அதிகம் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு என் பதில், ஓரளவுக்குத்தான். கட்டமைப்பு வரைபடம் போடுகிற பக்கத்திலிருந்து பார்க்கிறவன் நான். சிமென்டின் பெயரை மாற்றுவதால் மிச்சமாவதைவிட, வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துவதால் மிச்சமாவது பல நேரம் அதிகம். அதையே இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கான்கிரீட்டுக்கு நியாயம் செய்துவிடுவோம். எடைக்கு எடை பார்த்தால் அது அப்படியொன்றும் கொடிய பொருள் இல்லை. ஒரு கிலோ கான்கிரீட் தயாரிக்க ஏறத்தாழ 100 முதல் 150 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு கிலோ எஃகுக்கு உலக சராசரி 2 கிலோவை நெருங்குகிறது. அலுமினியத்துக்கு 10 கிலோவைத் தாண்டும். சிக்கல் அளவில்தான். உலகம் ஆண்டுக்குச் சுமார் 1,400 கோடி கன மீட்டர் கான்கிரீட் போடுகிறது, அதற்காக ஏறத்தாழ 400 கோடி டன் சிமென்ட் அரைக்கிறது. மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டின் கணக்கில் போகிறது. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர் அதிகம் பயன்படுத்தும் பொருள் கான்கிரீட் என்பார்கள். அது மிகையில்லை.

ஏன் இவ்வளவு? சூளைக்குள் நடப்பதைப் பார்த்தால் புரியும். ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமென்ட் அன்றிலிருந்து எவ்வளவோ மாறிவிட்டது, அடிப்படை மட்டும் மாறவில்லை: சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு, கிளிங்கர் என்ற கட்டிகளாக்கி, அதை ஜிப்சத்தோடு அரைப்பது. இதில் சுண்ணாம்புக்கல் பிளவுபடும் கட்டம்தான் வில்லன். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். எரிபொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாளைக்கே சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ போகத்தான் போகும், ஏனென்றால் அது கல்லுக்குள்ளேயே இருந்தது. ஒரு டன் கிளிங்கருக்கு வெளியாகும் 800 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ அறுபது சதவீதம் கல்லிலிருந்தும் மீதி எரிபொருளிலிருந்தும் வருகிறது. மின்நிலையங்களைப் போல எரிபொருளை மாற்றி சிமென்ட் ஆலையைச் சுத்தப்படுத்திவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. அதில் சிமென்ட் 300 முதல் 350 கிலோ. மீதி ஜல்லி, மணல், தண்ணீர். எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே வரும் சிமென்ட், கார்பன் கணக்கில் 80 முதல் 90 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சாதாரணக் கட்டமைப்புக் கலவை ஒரு கன மீட்டருக்கு 250 முதல் 350 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பலரும் மறந்துவிடுவது கம்பியை. ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ கம்பி கட்டினால், அது தாதிலிருந்து உருக்கிய எஃகா, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதா என்பதைப் பொறுத்து இன்னும் 50 முதல் 200 கிலோ வரை கூடும். 'கான்கிரீட்டின் கார்பன்' என்று பேசும் அறிக்கையில் கம்பி இல்லையென்றால் பாதி உண்மைதான் அதில் இருக்கிறது.

இப்போது பசுமைச் சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். கட்டடத்தின் கார்பனை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். குளிரூட்டி, விளக்கு, லிப்ட் என்று பயன்பாட்டில் ஆண்டுதோறும் செலவாவது ஒன்று. பொருள்களைத் தயாரித்து, ஏற்றி வந்து, கட்டி முடிக்கும்போதே வெளியாகிவிடுவது இன்னொன்று. இதை உள்ளடங்கிய கார்பன் என்கிறோம். நெடுங்காலம் சான்றிதழ்கள் முதலாவதை மட்டுமே துருவித் துருவிப் பார்த்தன. பலன் கிடைத்தது, கட்டடங்கள் மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கின்றன, மின்சாரமும் சுத்தமாகிக்கொண்டு வருகிறது. அதனாலேயே இரண்டாவதன் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. நல்ல காப்புள்ள, ஆற்றல் சிக்கனமான புதுக் கட்டடத்தில் வாழ்நாள் கார்பனில் பாதியோ அதற்கு மேலோ குடியேறும் முன்பே வெளியாகிவிட்டிருக்கலாம். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஐம்பது ஆண்டுகளில் பரவலாக மிச்சப்படும் கார்பனும் இந்த ஆண்டு தளம் போடும்போது ஒரே மூச்சில் வெளியாகும் கார்பனும் காகிதத்தில் ஒன்றாகத் தெரியலாம், காற்றுமண்டலத்துக்கு ஒன்றல்ல. பயன்பாட்டுக் கார்பனைப் பிற்பாடு திருத்தலாம், குளிரூட்டியை மாற்றலாம். போட்ட கான்கிரீட்டைத் திருத்த முடியாது.

சட்டங்கள் மெல்ல இதைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. பிரான்ஸ் 2022இலும் டென்மார்க் 2023இலும் புதிய கட்டடங்களுக்கு வாழ்நாள் கார்பன் உச்சவரம்பு கொண்டுவந்தன. டென்மார்க் தொடக்கத்தில் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 12 கிலோ என்று வைத்தது. இப்படி ஓர் எண் வந்துவிட்டால் பேச்சே மாறிவிடுகிறது. "பசுமைப் பொருள் பயன்படுத்தினோம்" என்று சொல்லித் தப்ப முடியாது, கூட்டிக் காட்ட வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் கான்கிரீட் எங்கே இருக்கிறது? தூண்களிலும் சுவர்களிலும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பல மாடிக் கட்டடங்களில் தரைக்கு மேலே உள்ள கான்கிரீட்டில் பாதிக்கும் மேல் பெரும்பாலும் தளங்களில்தான் கிடக்கிறது. தளத்தின் தடிமனை முடிவு செய்வது தூண்களுக்கு இடையிலான தூரம். பீம் இல்லாத தட்டைத் தளத்துக்குத் தோராயமாக இடைவெளியில் முப்பதில் ஒரு பங்கு தடிமன் வேண்டும்: 9 மீட்டர் இடைவெளிக்கு 300 மில்லிமீட்டர், 6 மீட்டருக்கு 200. வித்தியாசம் 100 மில்லிமீட்டர், சதுர மீட்டருக்கு 0.1 கன மீட்டர், அதாவது சுமார் 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கம்பியில் மிச்சமாவது தனி. தூண்கள் எண்ணிக்கையில் கூடும், ஆனால் அவை ஒவ்வொன்றும் சிறுக்கும். தளம் இலேசானதால் அஸ்திவாரமும் சிறுக்கும். ஒரு சொட்டு மாற்று சிமென்ட் இல்லாமலேயே தளத்தின் கார்பனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இந்த அளவைச் சிமென்ட் வழியாக மட்டும் எட்ட வேண்டுமானால் கலவையையே புரட்டிப்போட வேண்டியிருக்கும்.

ஏன் யாரும் செய்வதில்லை? தூண் இல்லாத பெரிய கூடம் வேண்டும், நாளைக்கு எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அந்த 'நாளை' வருவதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தத் திறந்த கூடத்தில் மறுமாதமே ஜிப்சம் தடுப்புகள் முளைத்துவிடும், தூண் நின்றிருக்கக்கூடிய அதே இடங்களில்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. மேலே அறைகள், கீழே வாகன நிறுத்தம். இரண்டுக்கும் தூண் வரிசை ஒத்துவரவில்லை. உடனே நடுவில் ஒன்றரை மீட்டர் தடிமனில் ஒரு டிரான்ஸ்பர் தளம். மேலிருந்து நேராக இறங்க வேண்டிய சுமையை இரண்டு மீட்டர் பக்கவாட்டில் நகர்த்துவதற்காக மட்டும் பல மாடிகளுக்கான கான்கிரீட்டை ஒரே மாடியில் கொட்டுகிறோம். ஆரம்பத்தில் கட்டடக்கலைஞரும் பொறியாளரும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். நிலத்தடி மாடிகளும் அப்படித்தான்: மண்ணையும் தண்ணீரையும் தாங்கும் தடித்த சுவர், அடியில் முழுக்கப் பரவிய தடித்த ராஃப்ட் அஸ்திவாரம். கட்டடத்திலேயே கார்பன் செறிந்த பகுதி பெரும்பாலும் கார்கள் தூங்கும் இடம்தான்.

வலிமை விஷயத்திலும் ஒரு பழக்கம் இருக்கிறது: பாதுகாப்புக்கு என்று சொல்லிக் கட்டடம் முழுக்க ஒரே உயர்ந்த கிரேடு. தூணுக்கு உயர்ந்த கிரேடு நியாயம். அழுத்தத்தைத் தாங்கும் உறுப்பு அது, வலிமை கூடினால் அளவைக் குறைக்கலாம். தளத்தின் கதை வேறு. தளத்தின் தடிமனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது உடையுமா என்பதல்ல, தொய்யுமா என்பதுதான். தொய்வைத் தடுப்பது விறைப்பு. கான்கிரீட்டின் வலிமையை இரட்டிப்பாக்கினால் விறைப்பு கால் பங்கு கூடலாம், அதிகம் போனால் 40 சதவீதம். ஆகவே தளத்தில் கிரேடை ஏற்றுவது சிமென்டை ஏற்றுவதே தவிர வேறு பெரிய பலனில்லை. தடிமன் அப்படியே இருக்கும்.

தளத்தை வேறு வடிவத்தில் போடலாமே என்று கேட்கலாம். போட்டிருக்கிறார்கள். வளையும் தளத்தில் கீழ்ப்பாதி கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர அதிகம் உழைப்பதில்லை. அந்த இடத்தில் ஓடு போன்ற இலேசான பொருளை வைத்து கான்கிரீட்டைக் குறைப்பதுதான் லாரி பேக்கர் பரவலாக்கிய ஃபில்லர் தளத்தின் தத்துவம். இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி 1950களின் தொடக்கத்தில் ரோமில் காத்தி கம்பளி ஆலைக்குப் போட்ட தளத்தில், அடியிலுள்ள விலா எலும்புகள் தகைவு, அதாவது சுமையால் உள்ளே எழும் விசை, பாயும் கோடுகளின் வழியே வளைந்து வளைந்து செல்கின்றன. இலையின் நரம்பைப் பார்ப்பது போலிருக்கும். இன்னும் பின்னால் போனால், ரோமின் பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் குவிமாடம் ஒரு கம்பி கூட இல்லாமல் 1,900 ஆண்டாக நிற்கிறது. அதன் ரகசியம் எரிமலைச் சாம்பல் கலந்த சுண்ணாம்பு என்று எல்லாரும் சொல்வார்கள், அது பாதிதான். வடிவமே சுமையைப் பெரும்பாலும் அழுத்தமாக மாற்றிவிடுகிறது. உச்சியை நோக்கிப் போகப் போகத் தடிமனும் குறைகிறது, ஜல்லிக்குப் பதில் இலேசான நுரைக்கல் வருகிறது. துருப்பிடிக்க உள்ளே இரும்பும் இல்லை. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2021இல் டூபெண்டார்ஃபில் கட்டி முடித்த ஹைலோ என்ற சோதனைக் கட்டடத்தின் மெல்லிய வளைவுத் தளங்கள் இதே பழைய சூத்திரத்தின் புது அவதாரம். வழக்கமான தட்டைத் தளத்தின் கான்கிரீட்டில் பாதிக்கும் மிகக் குறைவு.

இதெல்லாம் பரவாததற்குக் காரணம் அறியாமை அல்ல. கான்கிரீட் மலிவு, சென்டரிங் வேலை விலை அதிகம். தட்டையான பலகையை அடித்துக் கொட்டிவிட்டுப் போவது எளிது. பொருளை மிச்சப்படுத்தக் கூலியைச் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அலைபோல வளைந்த தளம் உங்களால் முடியாவிட்டால் பரவாயில்லை, விலா வைத்த தளமோ, கான்கிரீட் இறுகிய பின் இழுத்துக் கட்டும் பின்னிழுப்புக் கம்பி போட்ட மெல்லிய தளமோ போதும். அதுவும் முடியாவிட்டால் தூண்களையாவது நெருக்கிப் போடுங்கள்.

சரி, போட்டே ஆக வேண்டிய கான்கிரீட்டுக்கு வருவோம். சிமென்டில் கிளிங்கரைக் குறைத்து இரும்பாலைக் கசடு, அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவற்றைச் சேர்ப்பது பல பத்தாண்டு காலப் பழக்கம். கசடை அதிகமாக, 70 சதவீதம் வரை கூடச் சேர்க்கலாம். சிமென்ட் நீரேறும்போது உபரியாக உண்டாகும் சுண்ணாம்போடு இவை வினைபுரிந்து, நுண்துளைகளை அடைத்துவிடும். உப்பு, சல்பேட் உள்ள மண்ணில் இப்படிப்பட்ட கான்கிரீட் வெறும் போர்ட்லாண்ட் சிமென்டைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, கணக்கைத் தவிர.

கணக்கில் என்ன குறை? நல்ல கசடு உலகில் அளவோடுதான் கிடைக்கிறது, கிடைப்பது ஏற்கெனவே பெரும்பாலும் எங்கேயோ சிமென்டில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் உங்கள் கட்டடத்துக்கு 70 சதவீதக் கசடு கேட்டு வாங்கினால், வேறொரு கட்டடத்துக்கு அது குறைகிறது, அங்கே கிளிங்கர் கூடுகிறது. உங்கள் சான்றிதழில் எண் இறங்கும். காற்றுமண்டலத்தில் இறங்காது. நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்படும் நாடுகளில் புதிய சாம்பலும், ஊதுலைகள் மின் உலைகளாக மாறும் இடங்களில் ஊதுலைக் கசடும் இனிக் குறையத்தான் போகின்றன. அதனால் இந்தப் பொருள்களை எங்கே அவை உண்மையிலேயே நீடித்துழைப்புக்குத் தேவையோ, கடலோரத்தில், உப்பு மண்ணில், பருமனான அஸ்திவாரத்தில், அங்கே கேளுங்கள். மார்க் வாங்குவதற்காகக் கேட்காதீர்கள். பசுமைக் கட்டடத் துறையில் இதை வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு.

உண்மையான கூடுதல் கைச்சரக்கு களிமண்தான் என்பது என் கருத்து. கயோலின் உள்ள சாதாரணக் களிமண்ணை 700 முதல் 850 டிகிரியில் சுட்டு, சுடாத சுண்ணாம்புக்கல் தூளோடு சேர்த்தால் கிளிங்கரைப் பாதியாக்கிவிடலாம். எல்சி3 என்று பெயர். பொதுவான விகிதம்: கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. களிமண் சுடும்போது நீராவிதான் போகிறது. சுண்ணாம்புக்கல் தூளைச் சுடுவதே இல்லை. 30 முதல் 40 சதவீதம் கார்பன் குறைகிறது. சுவிட்சர்லாந்து, கியூபா, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து வளர்த்தது இது. களிமண் யாருடைய கழிவும் அல்ல, ஒருவர் எடுப்பதால் இன்னொருவருக்குக் குறையப் போவதும் இல்லை. கலவை கொஞ்சம் பிசுபிசுக்கும், நீர்குறைப்புக் கலவைப்பொருள் கூடுதலாகத் தேவைப்படும். அது பழகிவிடக்கூடிய தொல்லை.

கிளிங்கரே இல்லாத ஜியோபாலிமர் கான்கிரீட்டும் ஆய்வகப் பொம்மை இல்லை. ஆஸ்திரேலியாவில் 2014இல் திறந்த டூவும்பா வெல்கேம்ப் விமான நிலையத்தில் விமானங்கள் நிற்கும், திரும்பும் கான்கிரீட் தளங்கள் அதில் போடப்பட்டவை. ஆனால் அதற்கும் கசடும் சாம்பலும்தான் மூலப்பொருள். அவற்றைக் கிளறிவிடும் சோடியம் சிலிகேட்டுக்கும் ஒரு கார்பன் கணக்கு உண்டு. புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடிக்கும் முயற்சிக்கு நார்வேயின் பிரேவிக் ஆலை உதாரணம்: 2025இல் தொடங்கியது, ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் திறன், அதுவே அந்த ஆலை வெளியிடுவதில் ஏறத்தாழ பாதி. கல்லிலிருந்து வரும் அந்த 44 கிலோவுக்கு வேறு வழியும் அதிகமில்லை. ஆனால் உலகில் ஆயிரக்கணக்கான ஆலைகள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

கிளிங்கர் குறைந்த கான்கிரீட் மெதுவாக இறுகும். கட்டுமான இடத்தில் சண்டை வருவது இங்கேதான். வலிமையை 28ஆம் நாளில் பார்ப்பது மரபு, இயற்கை விதி அல்ல. அஸ்திவாரத்தின் மேல் முழுச் சுமை ஏற ஒரு வருடம் ஆகும். அதற்கு 56 அல்லது 90ஆம் நாள் வலிமையைக் கேட்டால் போதும், சிமென்ட் கணிசமாகக் குறையும். ஒருமுறை கசடு அதிகமுள்ள ராஃப்டின் சோதனைக் க்யூப்கள் 28ஆம் நாள் தேறவில்லை. கட்டுமான இடத்தில் ஒரே அமளி, உடைத்தெடுக்க வேண்டும் என்றுகூடப் பேசினார்கள். ஒப்பந்தத்தில் 56 நாள் என்று எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை. 56ஆம் நாள் தாராளமாகத் தேறியது. மாடித் தளங்களின் கதை எதிர்மாறு: ஒப்பந்ததாரர் நாலாம் நாளே முட்டுகளைப் பிரிக்க நினைப்பார், அதற்காகவே சிமென்டை ஏற்றச் சொல்வார். கட்டடத்துக்குத் தேவையான வலிமைக்காக இல்லாமல் அட்டவணைக்காக ஊற்றப்படும் சிமென்ட் எவ்வளவு என்று யாராவது கணக்கெடுத்தால் எல்லாருக்கும் வெட்கமாக இருக்கும்.

கியூரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கலவைகளுக்கு ஈரம் கூடுதல் நாள் வேண்டும். ஏழு நாளில் கோணியை எடுத்துவிட்டால் மேல்தோல் முற்றாமல் போகும், கார்பனேற்றம் சீக்கிரம் உள்ளே இறங்கும். அதாவது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் சுண்ணாம்போடு வினைபுரிந்து அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. பிஹெச் 13ஐ ஒட்டி இருந்தது 9க்குக் கீழே இறங்கினால் கம்பியைக் காத்துவந்த மெல்லிய படலம் போய்விடும், ஈரம் பட்டால் துரு. கசடும் சாம்பலும் சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் இந்தக் கலவைகளில் அது இன்னும் வேகம். இதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: கட்டடத்துக்கு உள்ளே, உலர்ந்த இடத்தில், கார்பனேற்றம் நடந்தாலும் துருப்பிடிக்க ஈரம் இல்லை. மண்ணுக்குள் ஈரம் உண்டு, ஆனால் காற்று எளிதில் நுழையாது. மழையும் வெயிலும் மாறி மாறிப் படும் வெளிப்புறப் பால்கனி, சன்ஷேடு போன்ற மெல்லிய உறுப்புகள்தான் ஆபத்துப் பகுதி. அங்கே கம்பியின் கவரையும் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) கியூரிங்கையும் கண்டிப்பாகப் பாருங்கள். இருபது ஆண்டில் பொரிந்து விழும் பால்கனியைவிடக் கார்பன் செலவு கூடிய பால்கனி இல்லை.

இதே கார்பனேற்றத்தைத் திருப்பிப் போட்டு, "கான்கிரீட் தானே கார்பனை உறிஞ்சிக்கொள்கிறது" என்று விளம்பரம் செய்வதும் உண்டு. உறிஞ்சுவது உண்மை. 1930 முதல் 2013 வரை சுண்ணாம்புக்கல்லிலிருந்து வெளியான கார்பனில் 43 சதவீதத்தை உலகின் சிமென்டுப் பொருள்கள் திரும்ப எடுத்துக்கொண்டதாக 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆனால் எரிபொருள் கார்பன் இந்தக் கணக்கில் இல்லை. உறிஞ்சியதில் பெரும்பங்கு மெல்லிய பூச்சிலும் சாந்திலும் நடந்தது, கம்பி போட்ட தடித்த உறுப்புகளில் அல்ல. நம் தூண் உறிஞ்சாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே கவரே வைக்கிறோம்!

கான்கிரீட் வெப்பத்தைப் பிடித்துவைத்துக் குளிரூட்டும் செலவைக் குறைக்கும் என்ற வாதத்துக்கும் இதே நிலைமை. பகலில் சூடும் இரவில் குளிருமாக வெப்பநிலை நன்றாக ஏறி இறங்கும் இடத்தில், இரவு ஜன்னலைத் திறந்து காற்று விட்டால், பலன் உண்டு. இரவிலும் புழுங்கும் இடத்தில் அந்தத் தடிமன் பகல் வெப்பத்தை இரவு உங்கள் தலையில் இறக்கும். தினசரி ஏற்ற இறக்கத்தில் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான் வேலை செய்கிறது, 300 மில்லிமீட்டர் போட்டதற்கு அது சாக்கு ஆகாது. வெப்பக் கொள்ளளவைக் காரணம் காட்டிப் புள்ளி வாங்கிய பிறகு அடியில் ஃபால்ஸ் சீலிங் அடித்து மூடிவிடுவதையும் பார்க்கிறோம்.

உடைத்த கான்கிரீட்டை ஜல்லியாக்குவது நல்ல காரியம், குப்பைமேடும் கல்குவாரியும் குறையும். கார்பன் மட்டும் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் கார்பனில் பெரும்பங்கு ஜல்லியில் இல்லை, சிமென்டில் இருக்கிறது. பழைய சாந்து ஒட்டிய ஜல்லி தண்ணீரை அதிகம் குடிக்கும். அதை ஈடுகட்டச் சிமென்டைக் கூட்டினால் எதிர்மறையாகவே போய்விடும். உடைக்காமல் அறுத்து எடுத்துப் பயன்படுத்துவது வேறு விஷயம். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2021இல் பழைய சுவர்களிலிருந்து அறுத்த 25 கான்கிரீட் கட்டிகளைக் கோத்து 10 மீட்டர் நடைபாலமே கட்டிக் காட்டினார்கள்.

கார்பனைப் பற்றியே பேசி மணலை விட்டுவிட்டேன். உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கிறது. பாலைவன மணல் காற்றில் உருண்டு மழுங்கி மிக நுண்ணியதாக இருப்பதால் கான்கிரீட்டுக்கு உதவாது, எனவே ஆறும் கடற்கரையும்தான் அடிவாங்குகின்றன. உடைகல் மணலுக்கு மாறுவது அவசியம். ஆனால் அதற்கும் ஒரு மலை வேண்டும். கொட்டும் அளவைக் குறைத்தால் மணல், தண்ணீர், கார்பன், லாரி நடை நான்கும் ஒரே நேரத்தில் குறைகின்றன. சிமென்டை மாற்றினால் கார்பன் மட்டும்தான் குறையும்.

மரத்துக்கே போய்விடலாமே என்பவர்களுக்கு: சரியான காட்டிலிருந்து வந்த மரம் என்றால், தாழ்ந்த கட்டடங்களுக்குத் தாராளமாகப் போகலாம். அஸ்திவாரம் அப்போதும் கான்கிரீட்தான். நார்வேயில் 2019இல் முடிந்த 85 மீட்டர் உயர மரக் கட்டடமான மியோஸ்டார்னெட்டில், மேல் மாடிகளின் தளங்களைக் கான்கிரீட்டில் போட்டார்கள். மரம் மிக இலேசு, காற்றில் கட்டடம் ஆடாமல் இருக்க உச்சியில் எடை தேவைப்பட்டது. கான்கிரீட்டின் மிகப்பெரிய குறையான பளு, அங்கே அதன் தகுதியாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் வைத்துவிட்டேன்: அந்த மனையில் ஏற்கெனவே ஒரு கட்டடம் நிற்கிறதா? சிட்னியில் 1976ஆம் ஆண்டுக் கோபுரம் ஒன்றை இடிக்காமல், தூண், பீம், தளங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையும் மையச் சுவர்களில் பெரும்பகுதியையும் அப்படியே வைத்து, 2022இல் பெரிய கோபுரமாக ஆக்கினார்கள். குவே குவார்ட்டர் டவர் என்று பெயர். ஏற்கெனவே போட்ட கான்கிரீட்டின் கார்பன் வெளியாகி முடிந்துவிட்டது. அதை இடித்துவிட்டு மேலே சூரியத் தகட்டோடு புதிதாகக் கட்டுவதுதான் நீங்கள் கேட்ட முரண்பாட்டின் முழு வடிவம்.

நீங்கள் ஒரு திட்டத்தை மதிப்பிட வேண்டியிருந்தால், 'பசுமை கான்கிரீட்' என்ற பெயரை விட்டுவிட்டு மூன்று எண்களைக் கேளுங்கள். தளப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை கிலோ கம்பி, அந்தக் கலவைக்குக் கன மீட்டருக்கு எத்தனை கிலோ கார்பன். மூன்றாவது எண், தயாரிப்பாளர் தன் பொருளுக்கு வெளியிடும் சுற்றுச்சூழல் தயாரிப்பு அறிவிக்கையில் இருக்கும். ஏ1 முதல் ஏ3 வரை என்ற கட்டம் மூலப்பொருளிலிருந்து ஆலை வாசல் வரையிலான கணக்கு. எத்தனையாம் நாள் வலிமைக்கான கலவை அது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அறிவிக்கையின் கடைசியில் டி என்று ஒரு கட்டம் இருக்கும்: ஐம்பது, அறுபது ஆண்டு கழித்து இடிக்கும்போது யாரோ மறுசுழற்சி செய்யப் போவதால் கிடைக்கக்கூடிய பலன். அதைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விதி. மொத்தத்திலிருந்து அதைக் கழித்துவிட்டுச் சிறிய எண்ணைக் காட்டினால் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.